காணாமையும் இல்லாமையும்

ஒரு பொருள் காணப்படவில்லை என்பதைக் கொண்டு அது இல்லை என்று அறிய முடியுமா என்னும் வினா இந்திய மெய்யியலில் பல நூற்றாண்டுகள் ஓயாமல் விவாதிக்கப்பட்டது. அளவைநூலார், அதாவது சரியான அறிவு எந்தெந்த வாயில்களின் வழியே வருகிறது என்று ஆராய்ந்தவர்கள், இதற்கு வழக்கமாக எடுத்துக்கொண்ட சான்று வெறுந்தரையும் அதில் இல்லாத குடமுமாகும். தரையில் குடம் இல்லை என்று ஒருவர் சொல்லும்போது அவருடைய கண் தரையைத்தான் கண்டிருக்கிறது. இல்லாத குடத்தோடு கண் பொருந்த வழியில்லை. ஆகவே காணாமையே ஒரு தனி அளவை என்று 7ஆம் நூற்றாண்டினரான குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகரும் பிற்கால அத்வைதிகளும் கொண்டு, அதற்கு அனுபலப்தி என்று பெயரிட்டனர். நியாயநூலார் இன்மையை உண்மையான ஒரு பொருளாக ஏற்றாலும், அதை அறியக் காட்சியே போதும் என்றனர். பௌத்தரான தருமகீர்த்தி அதனைக் கருதலளவையில், அதாவது அனுமானத்தில், அடக்கினார். பிரபாகரரின் மரபினரோ இன்மை என்றொரு பொருளே கிடையாது, வெறுந்தரையைக் கண்டதோடு கதை முடிந்தது என்றனர். உடுப்பியை மையமாகக் கொண்டு கன்னட நாட்டில் வேரூன்றிய மத்துவரின் மரபு காட்சி, கருதல், உரை என்னும் மூன்றுக்கு மேல் அளவை வேண்டா என்று நிறுத்திக்கொண்டது.

தமிழில் இந்த விவாதம் மிகப் பழமையானது. மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகரத்து வைதிகவாதி பத்து அளவைகளை எடுத்துரைக்கும் இடத்தில் அபாவமும், அதாவது இன்மையும், ஒன்றாக எண்ணப்படுகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில் ஏறத்தாழ அதே பத்தையும் வரிசைப்படுத்திவிட்டு, அவை யாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்று முடிவு கூறுகிறார். எண்ணிக்கையைப் பற்றிய இச்சண்டை இன்றைய வாசகருக்குச் சற்று அலுப்பூட்டக்கூடும் என்பதும், அலுப்புக்குப் பாதிக் காரணம் அந்தக் குடமே என்பதும் ஒப்புக்கொள்ளத் தக்கவை. குடம் இருந்தால் தெரிந்தே தீரும். வெளிச்சமும் பழுதற்ற கண்ணும் தவிர வேறெதுவும் அதற்குத் தேவையில்லை. தஞ்சைப் பகுதியில் வாழ்ந்த தருமராச அத்வரி 17ஆம் நூற்றாண்டில் இயற்றிய வேதாந்த பரிபாஷை என்னும் நூல் வற்புறுத்துகிற நிபந்தனை இதுதான்: வெறும் காணாமை எதையும் நிறுவாது, இருந்திருந்தால் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்று சொல்லத் தகுந்த நிலையில் காணப்படாவிட்டால் மட்டுமே அது அறிவாகும். இதனை யோக்கிய அனுபலப்தி, தகுதியுடைய காணாமை, என்பர். குடத்தைப் பொறுத்தவரை அத்தகுதி கேட்காமலே கிடைத்துவிடுவதால், அதன் அருமை கண்ணில் படுவதில்லை. தகுதியை முயன்று உண்டாக்க வேண்டிய ஒரு பொருளைச் சான்றாகக் கொண்டால் இந்நிபந்தனை எவ்வளவு கடுமையானது என்பது புலப்படும். பெங்களூருவின் சாலைகளில் ஓடும் காரின் ரேடியேட்டர் ஃபேன் அத்தகைய ஒன்று.

எஞ்சினில் எரியும் எரிபொருளின் வெப்பத்தில் கணிசமான பங்கைக் கூலன்ட் எனப்படும் நீர்மம் ஏந்திக்கொண்டு முன்புறத்து ரேடியேட்டருக்குச் சென்று காற்றில் விடுகிறது. வண்டி மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் எதிர்க்காற்றே வெப்பத்தை வாரிச் சென்றுவிடும். வண்டி நிற்கும்போதும் ஊரும்போதுமே ரேடியேட்டரை ஒட்டிப் பொருத்தப்பட்ட மின்விசிறி தேவைப்படுகிறது. கூலன்ட்டின் வெப்பநிலையை ஒரு சென்சார் அளந்து கட்டுப்பாட்டுக் கணினிக்குத் தெரிவிக்க, ஏறத்தாழ 95 முதல் 100 டிகிரி செல்சியஸுக்குள் அமைந்த ஓர் எல்லையில் கணினி ஒரு ரிலேயை இயக்க, அந்த ரிலே பேட்டரியின் மின்சாரத்தை ஃபியூஸ் வழியாக மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது. வெப்பம் சில டிகிரி இறங்கியதும் விசிறி தானே நின்றுவிடும். ஆக, ஓடாமல் நிற்பதே இவ்விசிறியின் பெரும்பாலான நேரத்து இயல்பு. பானட்டைத் திறந்து பார்த்தவருக்கு அது அசையாமல் நிற்பது தெரிந்தால், அவர் அறிந்தது ஒன்றுமில்லை.

பெங்களூரு இக்காணாமைக்குத் தகுதி தேடித்தரும் நகரம் என்று சொல்லலாம். டாம்டாம் நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்நகரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டரைக் கடக்கச் சராசரியாக 29 நிமிடம் 10 விநாடி ஆயிற்று. மிக மெதுவாக நகரும் உலக நகரங்களின் பட்டியலில் அது அவ்வாண்டு லண்டனுக்கு அடுத்த இடம். விசிறி கெட்டுப்போன ஒரு வண்டி துமகூரு சாலையில் நெலமங்களா வரை விரைந்து சென்றால், வெப்பங்காட்டும் முள் நடுவிலேயே நிற்கும். அதே வண்டி சில்க் போர்டு சந்திப்பிலோ ஹெப்பாள மேம்பாலத்தின் அடியிலோ கால் மணி நேரம் சிக்கினால் முள் சிவப்பை நோக்கி ஏறும். மேலும், கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் அமைந்த இவ்வூரில் திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதாலும் கூலன்ட்டின் கலவையாலும்தான் கொதிநிலை 120 டிகிரியையும் தாண்டி உயர்கிறது என்பதால், தளர்ந்த மூடி சென்னையைவிட இங்கே சற்று விரைவாகவே தண்டிக்கும். நெடுஞ்சாலையில் முள் ஏறவில்லை என்பது விசிறி நன்றாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது. பழுது இருந்திருந்தாலும் அங்கே அது தென்பட்டிருக்காது.

திறமையுள்ள மெக்கானிக் முதலில் செய்வது பழுதைத் தேடுவதன்று, தகுதியை உண்டாக்குவது. எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுகிறார். பெரும்பாலான கார்களில் ஏசி இயங்கினால் எஞ்சின் சூடேறாத நிலையிலும் விசிறி சுழல வேண்டும். அல்லது ஸ்கேனரில் வெப்பநிலை 100 டிகிரியை எட்டும் வரை, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கைபொறுக்காத அளவு சுடும் வரை, காத்திருக்கிறார். ஓட வேண்டிய எல்லாச் சூழலும் கூடிய பின்னும் விசிறி ஓடாதபோதுதான் அவருடைய காணாமை அறிவாக மாறுகிறது. குடத்தின் முன் அளவைநூலார் செய்யத் தேவையில்லாத உழைப்பு இது. சிவஞான முனிவர் தமிழாக்கிய தருக்கசங்கிரகம் இன்மையை நான்காக வகுப்பதும் இங்கே பயன்படுகிறது. ஒரு பொருள் தோன்றுமுன் இருக்கும் இன்மை ஒன்று, அழிந்தபின் இருக்கும் இன்மை ஒன்று, முக்காலத்தும் இன்மை ஒன்று, ஒன்று மற்றொன்றாக இல்லாத இன்மை ஒன்று. இனிமேல்தான் சுழலப்போகும் விசிறியும் இனி ஒருபோதும் சுழலாத விசிறியும் கண்ணுக்கு ஒரே அசைவின்மையாகவே தோன்றுகின்றன. முன்னின்மையையும் பின்னின்மையையும் பிரித்துக் காட்டுபவை காலமும் சூழலுமே, கண் அன்று. காட்சியே போதும் என்ற நியாயநூலாருக்கு இது சங்கடமான இடம்.

விசிறி ஓடவில்லை என்று அறிவது வேறு, ஏன் ஓடவில்லை என்று அறிவது வேறு. மணிமேகலையின் வைதிகவாதி கருதலளவையை மூன்றாகப் பிரித்து, அவற்றுள் எச்சம் என்பதற்கு, ஆற்றில் வரும் வெள்ளத்தைக் கண்டு அதன் தலைப்பகுதியில் மழை பெய்தது என்று துணிவது போன்ற அறிவைச் சான்று காட்டுகிறார். காரியத்திலிருந்து காரணத்துக்குப் பின்னோக்கிச் செல்லும் கருதல் அது. அதன் பலவீனமும் அச்சான்றிலேயே உள்ளது, ஏனெனில் அணை திறந்தாலும் வெள்ளம் வரும். முள் ஏறியதற்குக் கூலன்ட் கசிவு, திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப், அடைத்த ரேடியேட்டர் என்று விசிறிக்கு அப்பாலும் காரணங்கள் உண்டு. விசிறி ஓடாமைக்கோ ஃபியூஸ், ரிலே, மோட்டாரின் கார்பன் பிரஷ், எர்த் கம்பி, சென்சார், கணினி, அடித்தளக் கார் நிறுத்தத்தில் எலி கடித்த ஒயர் என்று ஒரு நீண்ட வரிசை. இவ்வரிசையில் ஒவ்வொன்றாக விலக்கி எஞ்சியதைக் காரணமாகக் கொள்ளும் அறிவையே மணிமேகலை மீட்சி என்றும் சித்தியார் ஒழிபு என்றும் குறிக்கின்றன.

இந்த விலக்கலை அருகிருந்து பார்த்தால் அது எவ்வளவு நுட்பமானது என்பது விளங்கும். மோட்டாரின் கப்ளரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர்களால் நேராக மின்சாரம் கொடுப்பது, பணிமனை வழக்கில் டைரக்ட் கொடுப்பது, முதல் படி. விசிறி சுழன்றால் மோட்டார் விலக்கப்பட்டது. சுழலாமல், மோட்டாரின் உறையை ஒரு தட்டுத் தட்டியதும் சுழன்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது என்று பொருள். மோட்டார் நன்றாக இருந்தால், கப்ளரில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கிறார். விளக்கு எரியாவிட்டால் பழுது அதற்கு முந்திய பகுதியில். அடுத்தது ரிலே. அதனுள் ஒரு சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் அது காந்தமாகி ஓர் இரும்புத் தகட்டை இழுக்க, தகடு நகர்ந்து மற்றொரு பாதையின் மின்தொடர்பை இணைக்கிறது. அந்நகர்வே விரலுக்கும் காதுக்கும் எட்டும் மெல்லிய ‘டிக்’. மணிமேகலையை இயற்றிய சாத்தனார் அதில் உள்ளநெறி என்னும் அளவைக்குக் காட்டும் சான்று, இரும்புக் கம்பியின் அசைவைக் கொண்டு அங்கே காந்தம் உண்டு என்று அறிவது. பணிமனையில் ரிலேயின் மேல் விரல் வைத்திருப்பவர் அதே அளவையை அதே பொருளின் மேல் பயன்படுத்துகிறார். ஆனால் ‘டிக்’ ஒலி காந்தத்துக்கு மட்டுமே சான்று; உள்ளே தொடர்புமுனை கருகிப்போயிருந்தால் இரும்பு நகரும், மின்சாரம் நகராது. இதனால்தான் ஒலியை நம்பி ரிலேயை விலக்கிவிடாமல், அதே வகையைச் சேர்ந்த ஹார்ன் ரிலேயைக் கழற்றி இங்கே பொருத்திப் பார்க்கிறார்கள்: அது உள்ளபோது விசிறி ஓடி, பழையது உள்ளபோது நின்றால், உடன்பாடும் எதிர்மறையுமாகிய இருவழியாலும், மணிமேகலை அந்நுவயம், வெதிரேகம் என்று சொல்லும் இரண்டாலும், காரணம் உறுதிப்படுகிறது. ஜே.சி. சாலையின் உதிரிபாகக் கடைகளில் புது மோட்டார் வாங்கிய பின் பழுது ரிலேயில் இருந்தது தெரியவருவோர், பெரும்பாலும் இந்த இருவழியில் ஒருவழியை மட்டும் நடந்தவர்கள்.

ஸ்கேனர் இங்கே உரையளவையின், அதாவது நம்பத்தக்கவர் சொல்லின், இடத்தில் நிற்கிறது. பி0480 என்னும் குறியீடு அதில் தோன்றினால், முதல் விசிறியின் கட்டுப்பாட்டுச் சுற்றில் கோளாறு என்று பொருளே தவிர மோட்டார் கெட்டது என்று பொருளன்று. சொன்னதைச் சொன்ன அளவுக்கே கொள்ள வேண்டும். இதைவிடச் சுவையானது சென்சார் தவறாகச் சொல்லும் நிலை. கூலன்ட் 105 டிகிரியில் இருக்க, சென்சார் 70 என்று சொன்னால், கணினி விசிறியை ஓட்டாது. கணினி, ரிலே, மோட்டார் ஒவ்வொன்றும் தன் கடமையைச் சரியாகவே செய்துகொண்டிருக்க எஞ்சின் அழியும். ஆனால் சென்சாரின் கப்ளர் முற்றிலும் கழன்று எந்தச் செய்தியும் வராமற்போனால், பல கார்களில் கணினி விசிறியை முழு வேகத்தில் ஓடவிடுகிறது. செய்தி வராமை வெப்பமின்மைக்குச் சான்றாகாது என்னும் கொள்கையை, தருமராச அத்வரியின் பெயரையே கேட்டிராத பொறியாளர்கள் கணினிக்குள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இனி, இவ்விவாதம் தொடும் மிகப் பெரிய வினாவுக்கு வரலாம். கடவுள் காணப்படவில்லை, ஆகவே இல்லை என்பது உலகாயதரின் வாதம். காட்சியன்றி வேறு அளவை இல்லை என்னும் பூதவாதி மணிமேகலையிலும் பேசுகிறான். மிதிலையைச் சேர்ந்த உதயணர் 10, 11ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி எழுதிய நியாய குசுமாஞ்சலி இதற்குத் தரும் விடை, தகுதி என்னும் நிபந்தனையையே ஆயுதமாக்குகிறது: கடவுள் காட்சிக்குத் தகுந்த பொருளன்று; ஆகவே காணாமை அவருடைய இன்மையை நிறுவாது; காணாததெல்லாம் இல்லையென்றால், வீட்டைவிட்டு வெளியே போனவர் தம் மனைவி மக்கள் இல்லாமற்போனதாகக் கருதி அழ வேண்டியிருக்கும். இவ்வாதம் வலிமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு என்பதை அதைக் கையாளும் பக்தர்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

பெங்களூருவின் கஸ்தூர்பா சாலையில் டிராஃபிக் கணேசர் என்றே பெயர் பெற்றுவிட்ட பிள்ளையாரின் முன்னிலையில் புது வண்டிகளுக்குப் பூசை நடக்கிறது. சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வண்டியை முதன்முறையாக நகர்த்துகிறார்கள். ஆயுதபூசை நாளில் நகரின் பணிமனைகளில் ஸ்பேனருக்கும் மல்டிமீட்டருக்கும் சந்தனமும் குங்குமமும் இடப்படுகின்றன. அவ்வண்டி விபத்திலிருந்து தப்பினால் பிள்ளையார் காத்தார் என்பதும், தப்பாவிட்டால் அவருடைய திருவுள்ளம் நமக்குத் தெரியாது என்பதும் வழக்கமான பேச்சு. உதயணரின் நிபந்தனையை நேர்மையாகக் கொண்டால் இந்த இரண்டில் முதலாவதைச் சொல்ல இடமில்லை. காட்சிக்குத் தகாத பொருளின் இன்மையைத் துன்பத்திலிருந்து துணிய முடியாதென்றால், அதன் இருப்பை நன்மையிலிருந்து துணியவும் முடியாது. எந்தச் சூழலில் விசிறி ஓடியே தீர வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதவர், அது ஓடியதைக் கண்டு ரிலே நன்றாக உள்ளது என்று சொல்லவும் உரிமையற்றவர். பூசை செய்வோரின் நன்றியுணர்வு இதனால் குறைபடுவதில்லை. நன்றி அளவையைச் சார்ந்தது அன்று. குறைபடுவது, நன்றியைச் சான்றாக மாற்றும் வாதம் மட்டுமே.

சைவ சித்தாந்தத்தின் விடை நியாயநூலாரின் விடையைவிட ஒருபடி துணிவானது. இறைவனுடைய தொழில்கள் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என ஐந்து. அவற்றுள் மறைத்தல், திரோதானம், என்பது உயிரின் அறிவை மறைத்து நின்று அதன் அழுக்காகிய மலம் பக்குவப்படும் வரை உலக அனுபவத்தில் செலுத்துவது. அதன்படி, காணாமை ஒரு குறைபாடன்று; காணப்படாதவனே செய்யும் ஒரு செயல். குளிர்ந்த எஞ்சினில் விசிறி நிற்பதும் இப்படிப்பட்ட, ஆணையால் வந்த அசைவின்மையே: எஞ்சின் தனக்குரிய வெப்பநிலையை எட்ட வேண்டும் என்பதற்காகக் கணினி அதை நிறுத்திவைத்திருக்கிறது, தொடக்கத்திலேயே அதை ஓடவிட்டால் சூடேறத் தாமதமாகி எரிபொருள் வீணாகும். ஒப்புமை இதுவரை பொருந்துகிறது. இதற்கு மேல் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆணையால் நிற்கும் விசிறியையும் பழுதால் நிற்கும் விசிறியையும் பிரித்தறிய ஏசியைப் போட்டுப் பார்க்கலாம். மறைந்து நிற்பவனையும் இல்லாதவனையும் பிரித்தறிய எந்த உயிரும் தன் விருப்பப்படி பக்குவத்தை ஏற்றிப் பார்க்க இயலாது. பக்குவம் வந்தபோது அருள் பதியும், அப்போது குரு வருவார் என்று சித்தாந்தி கூறுவது தன்னளவில் முரணற்றது. ஆனால் அது வந்தவருக்கு உதவும் சொல், வராதவரோடு வாதிடுபவருக்கு உதவும் சொல் அன்று.

சித்தாந்த ஆசிரியர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். அவர்கள் மறைத்தலைக் கொண்டு இறைவனை நிறுவவில்லை. தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்துக்கு ஒரு கருத்தா உண்டு என்று காரியத்திலிருந்து காரணத்தைத் துணிந்து, சிவஞான போதம் தன் முதற் சூத்திரத்திலேயே இறைவனை நிறுவிவிடுகிறது. மறைத்தல் அதன்பின் வரும் விளக்கம். ஆக, வாதத்தின் பாரம் முழுவதும் மணிமேகலை எச்சம் என்று சொன்ன கருதலின் மேல் இறங்குகிறது; வெள்ளத்துக்கு மழைதான் காரணமா, திறந்த அணையா என்ற கேள்வியும் கூடவே வருகிறது. வினையே போதும் என்ற மீமாம்சகரும், மூலப்பகுதியே போதும் என்ற சாங்கியரும், நால்வகைப் பௌத்தரும் உலகத்துக்கு வேறு காரணங்களை முன்வைத்திருந்தனர். அருணந்தி சிவாசாரியார் இதற்கு எடுத்துக்கொண்ட வழி மெக்கானிக்கின் வழியே. சித்தியாரின் பரபக்கம் உலகாயதம் முதல் பாஞ்சராத்திரம் வரை பதினான்கு கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றையும் அதன் தரப்பிலிருந்தே முதலில் நியாயமாகக் கூறி, பின்பு மறுத்து விலக்குகிறது; அதன்பின் வரும் சுபக்கம் எஞ்சியதை நிலைநாட்டுகிறது. நூலின் அமைப்பே ஓர் ஒழிபளவை.

ஒழிபளவை எடுத்துக்கொண்ட பட்டியல் முழுமையாக இருந்தால்தான் அது முடிவு தரும். விசிறியின் சுற்றைப் பொறுத்தவரை அம்முழுமைக்கு உறுதி உண்டு, ஏனெனில் அதை வடிவமைத்தவர்களே வரைந்த வயரிங் படம் கையில் இருக்கிறது. அதில் இல்லாத ஓர் உறுப்பு மோட்டாருக்கு மின்சாரத்தைத் தடுத்துக்கொண்டிருக்க வாய்ப்பில்லை, எலியைத் தவிர. உலகத்துக்கு அப்படியொரு படம் வாசகர் கையில் இல்லை. பரபக்கம் எழுதப்பட்டுச் சில பத்தாண்டுகளே கடந்த நிலையில், 1313இல், உமாபதி சிவாசாரியார் சங்கற்ப நிராகரணத்தை எழுதி, மாயாவாதம் தொடங்கிச் சைவவாதம் ஈறாக ஒன்பது கொள்கைகளை எடுத்து மறுக்க வேண்டியிருந்தது. அவற்றுள் பெரும்பாலானவை சைவத்தின் உள்ளிருந்தே எழுந்தவை.